சுவருக்கு எத்தனை கன அடி? செங்கல் கட்டு அளவெடுப்பதில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு எஸ்டிமேட் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. வீடு கட்டுகிறவர், புதிதாக வேலைக்கு வந்த டிப்ளமோ பையன், லேபர் காண்ட்ராக்ட் எடுத்த மேஸ்திரி, யார் வந்தாலும் சுவர்க் கணக்கில் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் வாயில் வந்தபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

கணக்குக்கு ஒரே ஓர் அறையைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம். உள்ளளவு 12 அடிக்கு 10 அடி. சுற்றிலும் 9 அங்குலச் சுவர், உயரம் 10 அடி. 3½ அடிக்கு 7 அடி வாசல் ஒன்று, 4 அடிக்கு 4 அடி ஜன்னல் இரண்டு. நாலு சுவரிலும் சுற்றி ஓடும் 6 அங்குல லிண்டல், அதாவது கதவு ஜன்னலுக்கு மேல் போடும் கான்கிரீட் பட்டை.

செங்கல் கட்டை கன அடியில் அளக்கணுமா, சதுர அடியில் அளக்கணுமா?

சுவரின் கனத்தைப் பொறுத்தது. 9 அங்குலமும் அதற்கு மேலும் கன அளவு. நாலரை அங்குலச் சுவர் பரப்பளவு. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 1200, மூன்றாம் பாகம், இதைத்தான் சொல்கிறது. நாலரைச் சுவரைத் தனியாகப் பிரிப்பதற்குக் காரணம் உண்டு. அதில் கல் குறைவு, ஆனால் கொத்தனாருக்கு வேலை குறைவதில்லை. இரண்டு பக்கமும் தூக்குக் குண்டு பார்க்க வேண்டும், கலவை 1:4 (ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு பங்கு மணல்) போடுவார்கள், மூன்று நான்கு வரிசைக்கு ஒருமுறை கம்பியும் போடுவார்கள். கன அடிக் கணக்கில் போட்டால் அவருக்குக் கட்டுப்படியாகாது.

அரசு வேலைகளில் எல்லாமே மீட்டர். 1 கன மீட்டர் 35.315 கன அடி, 1 சதுர மீட்டர் 10.764 சதுர அடி. அடியிலேயே கணக்குப் போட்டு, கடைசி வரியில் மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொரு வரியையும் மாற்றினால் தசமத்தைத் துரத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ஒன்பது அங்குலச் சுவர்ங்கறீங்க, டேப் வெச்சா எட்டே முக்கால்தான் வருது. எதை எழுதறது?

ஒன்பது என்றே எழுதுங்கள். மூன்று கல் கனம் வரை சுவரின் தடிமனை அரைக்கல்லின் மடங்காகத்தான் எடுக்க வேண்டும். சாந்து இடைவெளியும் அதற்குள் அடக்கம். நம் ஊர்ப் பழைய அளவுக் கல்லுக்கு அரைக்கல் 115 மி.மீ., ஒரு கல் 230 மி.மீ. 190க்கு 90க்கு 90 மி.மீ. மாடுலர் கல் என்றால் 100, 200.

பூச்சு இதில் சேராது. பூசிய சுவரை அளந்துவிட்டு "பத்து அங்குலம் இருக்கு" என்று பில் போட்டவரையும் பார்த்திருக்கிறேன். அவர் பூச்சுக்கு இரண்டு தடவை காசு கேட்கிறார், அவ்வளவுதான்.

நாலு சுவரையும் டேப் பிடிச்சு அளந்து கூட்டினா போதாதா?

இங்கேதான் பாதிப் பேர் வழுக்குகிறார்கள். வெளிப்பக்கம் அளந்தால் 13½ அடியும் 11½ அடியும், சுற்றளவு 50 அடி. உள்பக்கம் அளந்தால் 44 அடி. முதல் அளவில் நாலு மூலையும் இரண்டு தடவை வருகிறது, இரண்டாவதில் ஒரு தடவைகூட வருவதில்லை. 9 அங்குலத்தை 0.75 அடியாகப் போட்டால் முதலாவது 375 கன அடி, இரண்டாவது 330. ஒரே அறைக்கு 45 கன அடி வித்தியாசம்.

சரியான வழி நடுக்கோடு. சுவரின் நடுவிலிருந்து நடுவுக்கு 12.75 அடியும் 10.75 அடியும். சுற்றளவு 47 அடி. 47 × 0.75 × 10 = 352.5 கன அடி. மூலைகள் ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவை கணக்கில் வந்துவிடும். நடுக்கோடு பிடிபடவில்லை என்றால் நீளச் சுவர் இரண்டை வெளியளவாகவும், குறுக்குச் சுவர் இரண்டை உள்ளளவாகவும் எடுங்கள்: 13.5 + 13.5 + 10 + 10. அதே 47 வரும்.

நான் முதன்முதலில் தனியாகப் போட்ட எஸ்டிமேட்டில் எல்லாச் சுவரையும் வெளியளவாகவே எடுத்துவிட்டேன். வீடு முடிந்தபோது வாசலில் கல் மலைபோல மிச்சம். வீட்டுக்காரம்மா அதில் துளசி மாடமும் தொட்டியும் கட்டிக்கொண்டு, "பரவாயில்லை தம்பி" என்றார். இப்போதும் மூலையைப் பார்த்தால் அந்தத் துளசி மாடம்தான் ஞாபகம் வருகிறது.

10 அடி 6 அங்குலத்தை 10.6ன்னு போட்டா என்ன தப்பு?

அடிக்கு 12 அங்குலம், 10 இல்லை. 10 அடி 6 அங்குலம் என்பது 10.5. இதைவிட மோசம் 9 அங்குலத்தை 0.9 என்று அடிப்பது. நம் அறைக்கு 352.5க்குப் பதில் 423 கன அடி வரும். எழுபது கன அடி, ஒரு புள்ளியில்.

நடுவுல ஒரு குறுக்குச் சுவர் வந்தா அதையும் நடுக்கோட்டுல சேர்க்கலாமா?

சேர்க்கலாம். ஆனால் அந்தச் சுவர் இன்னொன்றில் முட்டும் இடத்தில், முட்டப்படும் சுவரின் பாதிக் கனத்தைக் கழிக்க வேண்டும். நம் அறையில் 10 அடிப் பக்கமாக ஒரு குறுக்குச் சுவர் என்றால் நடுவுக்கு நடு 10.75. இரண்டு முனையிலும் 0.375 கழித்தால் 10 அடி. கண்ணால் பார்த்தாலே தெரிகிற உள்ளளவுதான் அது.

"பாதிக் கனத்தைக் கழி" என்று மட்டும் மனப்பாடம் செய்தவர்கள், நாலரைச் சுவர் ஒன்பதில் முட்டும்போது நாலரையின் பாதியைக் கழிக்கிறார்கள். தப்பு. முட்டுகிற சுவரின் கனம் இங்கே பேச்சே இல்லை. எதில் முட்டுகிறதோ அதன் பாதிதான்.

அஸ்திவாரத்தில் படிப்படியாகச் செங்கல் கட்டு இருந்தால் இது ஒவ்வொரு படிக்கும் மாறும். வெளிச்சுற்றின் நடுக்கோடு எல்லாப் படியிலும் 47 அடிதான். குறுக்குச் சுவர் மட்டும் குறுகிக்கொண்டே போகும்: 18 அங்குலப் படியில் 9.25 அடி, 27 அங்குலப் படியில் 8.5 அடி. எல்லாப் படிக்கும் ஒரே நீளத்தை இழுத்துப் போடாதீர்கள்.

உயரம் எங்கிருந்து எதுவரைக்கும்?

பிளிந்த் பீமின் (அஸ்திவாரத்துக்கு மேல் சுவரைத் தாங்கி ஓடும் கான்கிரீட் பீம்) மேல்மட்டத்திலிருந்து தளத்தின் அடிமட்டம் வரை. தளத்துக்குக் கீழே பீம் ஓடினால் பீமின் அடிமட்டம் வரை. டைல்ஸ் போட்ட தரையிலிருந்து அளக்கக் கூடாது. தரை அறைக்குள்தான் இருக்கிறது, சுவர் அதற்கும் கீழே தொடங்குகிறது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் தனி வரி, தனி உயரம்.

கதவு ஜன்னலைக் கழிக்கறப்போ நிலைக்குள்ள இருக்கற அளவா, நிலையோட சேர்த்தா?

நிலையோடு சேர்த்து. சுவரில் எவ்வளவு இடம் கட்டாமல் விட்டிருக்கிறதோ அதுதான் கழிவு. நம் அறையில் வாசல் 24.5 சதுர அடி, ஜன்னல் இரண்டும் 32. மொத்தம் 56.5 சதுர அடி, 0.75ஆல் பெருக்கினால் 42.375 கன அடி. நிலையைப் பிடிக்கும் ஹோல்டுஃபாஸ்ட்டைச் சுற்றிக் கான்கிரீட் போடுகிறோமே, அதற்குத் தனிக் கழிவு கிடையாது.

லிண்டலையும் கழிக்கணுமா? அது ஓட்டை இல்லையே, கான்கிரீட்தானே?

கான்கிரீட் என்பதால்தான் கழிக்க வேண்டும். அதற்குக் கான்கிரீட் கணக்கில் ஏற்கெனவே காசு போய்விட்டது. சுற்றி ஓடும் லிண்டல் 47 × 0.75 × 0.5 = 17.625 கன அடி. திறப்புகளுக்கு மேல் மட்டும் போடும் வீடாக இருந்தால் இரண்டு பக்கமும் 6 அங்குல ஊன்றுதலைச் சேர்த்து வாசலுக்கு 4.5 அடி, ஜன்னலுக்கு 5 அடி வீதம் மொத்தம் 14.5 அடி. கழிவு 5.44 கன அடிதான். ஊன்றுதலை மறப்பது சகஜம்.

சன்ஷேடு சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்பது. சுவர்க் கணக்கில் அதற்கு வேலையில்லை.

ஆக நம் அறை: 352.5 − 42.375 − 17.625 = 292.5 கன அடி. மீட்டரில் 8.28 கன மீட்டர்.

எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை, ஏசி பைப் ஓட்டைக்கெல்லாமா கழிப்பாங்க?

மாட்டார்கள். 0.1 சதுர மீட்டருக்கு மேற்படாத திறப்புக்குக் கழிவு இல்லை என்பது அதே ஐ.எஸ். 1200 விதி. ஓர் அடிக்கு ஓர் அடி என்பது 0.093 சதுர மீட்டர், அதனால் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை தப்பித்துவிடும். 2 அடிக்கு 1½ அடி வென்டிலேட்டர் 0.28 சதுர மீட்டர், அது மாட்டும். சுவரில் வந்து ஊன்றும் பீம், உத்தரம் போன்றவற்றின் முனைக்கும் இதே 0.1 வரம்புதான். ஒயரிங்குக்காக வெட்டும் காடியையெல்லாம் கணக்கில் கொண்டுவராதீர்கள்.

சின்ன ஓட்டைக்குக் கழிக்காமல் விடுவது கொத்தனாருக்குக் காட்டும் சலுகை இல்லை. அந்த ஓட்டையைச் சுற்றிக் கல்லை உடைத்து ஓரம் பிடிக்கிற வேலை, மிச்சமாகும் கல்லுக்குச் சரியாகப் போய்விடும்.

பில்லர் வெச்ச வீட்டுக்கும் இதே கணக்குதானா?

கிட்டத்தட்ட. இரண்டு வழி இருக்கிறது. பில்லருக்குப் பில்லர் இடைவெளியை மட்டும் அளந்து ஒவ்வொரு சுவராக எழுதலாம். அல்லது முன்பு போலவே நடுக்கோடு போட்டுவிட்டு, சுவருக்குள் அடங்கிய பில்லரின் கன அளவைக் கழிக்கலாம். நம் அறையின் நாலு மூலையிலும் 9க்கு 12 அங்குல பில்லர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு 0.75 × 1 = 0.75 சதுர அடி.

உயரம்தான் வில்லங்கம். 10 அடி என்று போட்டால் லிண்டல் மட்டத்தில் அரை அடியை இரண்டு தடவை கழித்ததாகிவிடும். முன் கேள்வியில் லிண்டலைச் சுற்றிலும், மூலை உட்பட, கழித்துவிட்டோம். அதனால் பில்லருக்கு 9.5 அடி. 4 × 0.75 × 9.5 = 28.5. மிச்சம் 264 கன அடி. பில்லர் சுவரைவிட அகலமாக வெளியே துருத்திக்கொண்டிருந்தால் துருத்தாத பகுதியை மட்டும் கழியுங்கள்.

சுவருக்குள்ள அலமாரி விட்டிருக்கோம், பின்னால நாலரைச் சுவர் இருக்கு. அதை எப்படி எழுதறது?

இரண்டு வரியாக. அலமாரியின் முகப்புப் பரப்பு முழுவதையும் 9 அங்குலச் சுவரிலிருந்து கழித்துவிடுங்கள். பின்னால் நிற்கும் சுவரை நாலரைச் சுவரின் கணக்கில் சதுர அடியாகச் சேருங்கள். பாதிக் கனத்தைக் கழித்து ஒரே வரியில் முடித்தால் கன அளவு சரியாகத்தான் வரும், ஆனால் முதல் பதிலில் சொன்ன வேலைக்கூலி வித்தியாசம் காணாமல் போகும்.

ஓட்டு வீட்டு முக்கோணச் சுவர், ஆர்ச், வளைவுச் சுவர்?

முக்கோணத்துக்கு அகலத்தில் பாதியை உயரத்தால் பெருக்குங்கள். நம் அறைக்கு ஓட்டுக்கூரை போட்டு, 11.5 அடி அகலச் சுவருக்கு மேல் முகடு 4 அடி எழும்பினால் 23 சதுர அடி, அதாவது 17.25 கன அடி. இரண்டு பக்கமும் சேர்த்து 34.5.

ஆர்ச் திறப்பில் வளைவு தொடங்கும் மட்டம் வரை செவ்வகம். அதற்கு மேல் அரைவட்டம் என்றால் 4 அடி அகலத்துக்கு 6.28 சதுர அடி. தட்டையான வளைவுக்கு அகலம் × எழுச்சி × 2/3 போட்டால் போதுமான அளவு சரியாக வரும். ஆர்ச்சாக அடுக்கிய கல் வேலை தனி வரி, தனி விலை. வளைவான சுவருக்கு நீளத்தை நடுக்கோட்டில் நூல் பிடித்து அளக்க வேண்டும்.

சரி சார், கடைசியா எத்தனை கல் வாங்கணும்? அதைச் சொல்லுங்க.

முதலில் உங்கள் சூளைக் கல் என்ன அளவு என்று பாருங்கள். ஒரு கல்லை எடுத்து அளக்காதீர்கள். 20 கல்லை நீளவாக்கில் வரிசையாக வைத்து அளந்து 20ஆல் வகுங்கள். அகலத்துக்கும் உயரத்துக்கும் அதே போல. சராசரி 220 × 105 × 70 மி.மீ. வந்தது என்று வைத்துக்கொள்வோம். 10 மி.மீ. சாந்து சேர்த்தால் 230 × 115 × 80. ஒரு கன மீட்டருக்கு 473 கல், ஒரு கன அடிக்கு 13.4. நம் அறையின் 292.5 கன அடிக்கு ஏறக்குறைய 3,920 கல். உடைசலுக்கு 5 சதவீதம் சேர்த்தால் 4,100ஐத் தாண்டும்.

பாடப்புத்தகத்தில் "கன மீட்டருக்கு 500" என்று படித்தது நினைவிருக்கும். அது மாடுலர் கல்லுக்கு, 200 மி.மீ. சுவருக்கு. 230 சுவரின் கன அளவை எடுத்து 500ஆல் பெருக்குவது, ஒருவர் சட்டையை இன்னொருவருக்கு மாட்டுகிற மாதிரி.

சிமெண்டும் மணலும்?

மேலே சொன்ன கல்லுக்கு ஒரு கன மீட்டர் கட்டில் சாந்து 0.236 கன மீட்டர். கல்லின் முகத்தில் இருக்கும் பள்ளத்தையும் சிந்துவதையும் சேர்த்து 0.25 என்று வைத்துக்கொள்ளலாம். 1:6 கலவை ஒரு கன மீட்டருக்கு சிமெண்ட் 250 கிலோ, மணல் 1.07 கன மீட்டர். அப்படியானால் ஒரு கன மீட்டர் சுவருக்கு ஒன்றேகால் மூட்டை சிமெண்ட், ஏறக்குறைய 9½ கன அடி மணல்.

நம் அறைக்குப் பத்தரை மூட்டையும், 78 கன அடி மணலும். யூனிட் 100 கன அடி என்பதால் முக்கால் யூனிட்டுக்குச் சற்று மேல். ஈர மணல் உப்பிக்கொண்டு கூடுதல் அளவு காட்டும், லாரியில் அளக்கும்போது அதை மறக்காதீர்கள். அப்புறம், கல் கோணலாக இருந்தால் கொத்தனார் சாந்தால்தான் மட்டம் பிடிப்பார். கல்லில் மிச்சம் பிடித்த காசு சிமெண்டில் போய்விடும்.

சிமெண்ட் பிளாக் கட்டினா?

நீளம், உயரம், கழிவு எல்லாம் மேலே உள்ளபடிதான். 4 அங்குலம், 6 அங்குலம், 8 அங்குலம் என்று கனவாரியாகப் பிரித்துச் சதுர அடியில் கேட்பதுதான் நடைமுறையில் அதிகம். 400க்கு 200 மி.மீ. முகமுள்ள பிளாக் 10 மி.மீ. சாந்தோடு ஒரு சதுர மீட்டருக்கு 11.6 ஆகும். ஃபிளை ஆஷ் கல்லுக்குச் செங்கல் கணக்கே போதும், அளவு மட்டும் புதிதாக எடுங்கள்.

எலிப்பொறிக் கட்டுல நடுவுல வெற்றிடம் இருக்கே, அதைக் கழிக்கணுமா?

கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய அந்த முறையில் கல்லைக் குத்துவாட்டில் நிறுத்திக் கட்டுவார்கள். சுவருக்குள் பொந்து இருக்கும். நான் சுவரை முழுக் கனமாகவே அளந்து, விலையைத் தனியாகப் போடுகிறேன். பொந்து பொந்தாகக் கழித்துக்கொண்டிருந்தால் வீடு கிரகப்பிரவேசம் ஆகிவிடும். கல் எண்ணிக்கைக்கு மட்டும் 13.4ஐப் பயன்படுத்தாதீர்கள். சாதாரணக் கட்டைவிடக் கால்வாசி குறைவாகத்தான் பிடிக்கும்.

பூச்சு வேலைக்கும் இதே கழிவுதானே?

இல்லை. அது ஐ.எஸ். 1200இன் வேறு பாகம். 0.5 சதுர மீட்டர் வரை கழிவே இல்லை. 0.5 முதல் 3 வரை ஒரு முகத்துக்கு மட்டும் கழிவு. 3க்கு மேல் போனால் இரண்டு முகத்துக்கும் கழித்து, திறப்பின் ஓரங்களைத் தனியாக அளந்து சேர்க்க வேண்டும். கட்டு வேலையின் கழிவு அட்டவணையை அப்படியே பூச்சுக்கு நகல் எடுத்தால் இரண்டில் ஒன்று கட்டாயம் தப்பு.

மேஸ்திரி கதவு ஜன்னலைக் கழிக்க மாட்டேங்கறார். நியாயமா?

அவர் பேச்சில் பாதி நியாயம் உண்டு. நிலை நிறுத்துவது, மட்டம் பார்ப்பது, ஓரம் பிடிப்பது எல்லாம் அவர் ஆட்கள்தான் செய்கிறார்கள். கூலி மட்டும் பேசிய வேலையில், நிலை நிறுத்தத் தனிக் கூலி கிடையாது, பதிலுக்குத் திறப்பைக் கழிப்பதும் கிடையாது என்று பேசிக்கொள்வது ஒப்புக்கொள்ளக் கூடியதுதான். நம் அறைக்கு அதனால் வரும் வித்தியாசம் 42 கன அடி. அந்தத் தொகையை நிலை நிறுத்தும் கூலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள், யாருக்கு லாபம் என்று தெரிந்துவிடும்.

பொருளும் அவருடையது என்றால் கதை வேறு. இல்லாத கல்லுக்கும் சிமெண்டுக்கும் காசு கொடுக்க முடியாது. கழித்தே ஆக வேண்டும். எப்படிப் பேசினாலும் சுவர் எழும்புவதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். லிண்டல் வரை வந்த பிறகு பேசினால் யார் சொல்வதும் எடுபடாது.

கட்டி முடிச்சு அளந்தா எஸ்டிமேட்டோட ஒத்துப்போகலை. எங்கேன்னு தேடறது?

நான் தேடும் வரிசை இது: முதலில் மூலை, அடுத்து அங்குலத்தை அடியாக மாற்றிய தசமம், அப்புறம் லிண்டல் பில்லரில் இரட்டைக் கழிவு. இந்த மூன்றிலும் இல்லையென்றால் வரைபடத்தைப் பார்ப்பேன். வேலை நடக்கும்போது ஜன்னலை அரை அடி நகர்த்தியிருப்பார்கள், பெரிதாக்கியிருப்பார்கள், பூஜை அறைக்குச் சுவர் ஒன்றை எழுப்பிவிட்டு யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இறுதி அளவைப் பூச்சு வேலை தொடங்குவதற்கு முன்னால் எடுத்துவிடுங்கள். மேஸ்திரியை டேப்பின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்லுங்கள். படிக்கும் எண்ணை உரக்கச் சொல்லி, அவர் சரி என்ற பிறகு எழுதுங்கள். அரை நாள் ஆகும்.